ஒரே இணைப்பு, இரண்டு கணினி: முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். பள்ளத்தூரில் பழைய செட்டிநாட்டு வீடு. பைபர் இணைப்பு முகப்பு வரை வந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் அப்பச்சி கடைக்கணக்கு பார்க்கும் கணினி, கூடவே பிரிண்டர். நீங்கள் சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறீர்கள், உங்கள் கணினி இரண்டாம் கட்டில், அதாவது நடு முற்றத்தைத் தாண்டிய உள்பகுதியில். வைஃபை அங்கே ஒரு கோடுதான் காட்டுகிறது, மீட்டிங் நடுவில் அறுந்துபோகிறது. ஒரு ரௌட்டர் வாங்கி, தரையோடு தற்காலிகமாகக் கேபிள் போட்டு இணைத்துப் பார்த்தீர்கள். நெட் வந்துவிட்டது, ஆனால் அப்பச்சியின் பிரிண்டரும் கணக்குக் கோப்புகளும் உங்களுக்குத் தெரியவில்லை. பேசாமல் இரண்டாவது இணைப்பு ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். ஒரே இணைப்பு இரண்டு கணினிக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற போன், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் போதும். இணைப்பைப் பகிர்கிற வேலையை முகப்பில் இருக்கும் பெட்டி ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் சிக்கல் தூரமும் சுவரும். அதற்கு மருந்து ஒழுங்காக இழுத்த ஒரு கேபிள். நீங்கள் வாங்கிய பெட்டியும் வீண் இல்லை, ஆனால் அது ரௌட்டர் வேலை பார்க்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், அது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

உங்கள் வீட்டுக்குக் கதவு எண் ஒன்றுதான். உள்ளே வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு சோடிக்கும், ஒரு வீடு என்று எத்தனை அறை இருந்தாலும், தபால்காரர் முகப்போடு நின்றுவிடுவார். அந்தக் காலத்தில் முகப்பில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார் இல்லையா, அவர்தான் எந்தக் கடிதம் பெரியவர் வீட்டுக்கு, எது சின்னவர் வீட்டுக்கு என்று பிரித்து உள்ளே அனுப்புவார். ரௌட்டர் செய்வது இதே வேலை. இணையத்தில் உங்கள் வீட்டுக்கு வெளியே தெரியும் முகவரி ஒன்று. உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.5, 192.168.1.6 என்று ரௌட்டரே எண் கொடுக்கும். இப்படிக் கேட்டவுடன் எண் கொடுப்பதற்குப் பெயர் டிஎச்சிபி. உங்கள் கணினி ஒரு பக்கத்தைக் கேட்டால், "இது இன்ன அறையிலிருந்து போனது" என்று ரௌட்டர் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வீட்டின் வெளி முகவரியைப் போட்டு அனுப்பும். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரிய அறையில் சேர்க்கும். இதற்கு நாட் என்று பெயர். குறிப்பேட்டில் இல்லாத கடிதம் வெளியிலிருந்து தானாக வந்தால் அது உள்ளே போகாது, அந்த வகையில் இது ஒரு காவலும்கூட.

இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் முகவரிப் பஞ்சம். 1981-இல் வகுத்த பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று கொடுத்தால் கட்டாது என்று தெரிந்தபின், 1996-இல் 192.168 என்று தொடங்கும் எண்கள், 10 என்று தொடங்கும் எண்கள், 172.16 முதல் 172.31 வரை என மூன்று வரிசைகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் புழங்கலாம் என்று உறுதிப்படுத்தினார்கள். அதனால்தான் உங்கள் வீட்டிலும் 192.168.1.1, காரைக்குடியில் என் வீட்டிலும் 192.168.1.1. இரண்டும் மோதாது, ஏனென்றால் அந்த எண் முகப்பைத் தாண்டி வெளியே வருவதே இல்லை.

சரி, இப்போது உங்கள் பிரிண்டர் ஏன் காணாமல் போனது என்று பாருங்கள். முகப்பில் ஏற்கெனவே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். நீங்கள் இரண்டாவது ரௌட்டரை அதன் வேன் துளை, அதாவது வெளி இணைப்பு வந்து சேரும் துளை, வழியாக இணைத்ததும், இரண்டாம் கட்டு வாசலில் இன்னொரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்தது போல ஆகிவிட்டது, அவருக்குத் தனிக் குறிப்பேடு, தனி எண் வரிசை. நீங்கள் அனுப்புகிற கடிதம் இரண்டு முறை முகவரி மாறிப் போகிறது, பதில் இரண்டு முறை மாறி வருகிறது, நெட் பார்ப்பதற்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா" என்று உங்கள் கணினி போடுகிற கூப்பாடு இரண்டாம் கட்டு வாசலைத் தாண்டாது. முகப்பிலிருந்து அப்பச்சியின் கணினி உங்களைக் கூப்பிட்டாலும் குறிப்பேட்டில் இல்லாத கடிதம் என்று அந்த இரண்டாவது பெட்டி தடுத்துவிடும். ஒரே வீட்டுக்குள் இரண்டு குடித்தனம் ஆகிவிட்டது. அலுவலக வலைக்குள் வீட்டிலிருந்து பாதுகாப்பாக நுழையும் விபிஎன், வீடியோ கேம், வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பது போன்றவையும் இந்த இரட்டை நாட் ஏற்பாட்டில் சில சமயம் முரண்டு பிடிக்கும்.

ஆக, இரண்டாவது பெட்டியின் கணக்குப்பிள்ளை வேலையைப் பறித்துவிட வேண்டும். அதை வெறும் வைஃபை கொடுக்கிற, கேபிள் பிரிக்கிற பெட்டியாக மாற்ற வேண்டும். இப்போது வருகிற பல ரௌட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது. அந்தத் தேர்வு இல்லையென்றால் கையால் செய்யலாம். புதுப் பெட்டியை முகப்பு இணைப்போடு சேர்க்காமல், தனியாக உங்கள் கணினியோடு மட்டும் கேபிளில் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். அதன் லேன் முகவரியை, அதாவது வீட்டுக்குள் அந்தப் பெட்டிக்கு உரிய எண்ணை, 192.168.1.2 என்று மாற்றுங்கள், டிஎச்சிபி-ஐ அணைத்துவிடுங்கள், சேமியுங்கள். முகப்புப் பெட்டி எந்த எண் முதல் எந்த எண் வரை பங்கிடுகிறது என்று பார்த்து, இந்த 2 அதற்குள் விழாதபடி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முகப்பிலிருந்து வரும் கேபிளை வேன் துளையில் செருகாமல், லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். உங்கள் கணினி இன்னொரு லேன் துளையில். அவ்வளவுதான், இரண்டு கணினியும் ஒரே வரிசை எண்களில் வந்துவிடும், பிரிண்டர் தெரியும், கோப்புகள் திறக்கும். விண்டோஸில் இந்த வலையமைப்பைப் பொது (பப்ளிக்) என்று வைக்காமல் தனியார் (பிரைவேட்) என்று மாற்றுவதை மட்டும் இரண்டு கணினியிலும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றை ஒன்று பார்க்காது.

வரிசையை மாற்றிச் செய்துவிடாதீர்கள். கானாடுகாத்தானில் என் சின்னத்தா வீட்டில் நான் டிஎச்சிபி-ஐ அணைக்காமல் லேனுக்கு லேன் செருகிவிட்டேன், இரண்டு பெட்டிக்கும் அதே 192.168.1.1. சில கருவிகளுக்கு ஒரு பெட்டி எண் கொடுத்தது, சிலவற்றுக்கு மற்றது கொடுத்தது. ஒரு போனில் நெட் வரும், பக்கத்தில் இருக்கிற போனில் வராது, அணைத்துப் போட்டால் மாறிவிடும். இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வேலை பார்க்க முடியவில்லை. சின்னத்தா வீட்டுக் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதனால்தான் தனியாக வைத்து மாற்றிவிட்டு அப்புறம் சேர்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் ஒரு கணினிக்கு மட்டும்தான் நெட் வேண்டும், இரண்டாம் கட்டில் போனுக்கு வைஃபை தேவையில்லை என்றால் இரண்டாவது பெட்டியே வேண்டாம். முகப்புப் பெட்டியின் பின்னால் பாருங்கள், பெரும்பாலும் இரண்டோ நான்கோ லேன் துளைகள் இருக்கும். ஒன்றில் அப்பச்சியின் கணினி, இன்னொன்றிலிருந்து நேராக உங்கள் கணினிக்கு ஒரே கேபிள். துளை போதவில்லை என்றால் ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்று போதும். ஸ்விட்ச் முகவரி எதையும் தொடாது, துளைகளைப் பெருக்குவது மட்டும்தான் அதன் வேலை, அதில் அமைப்பு என்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. முகப்புப் பெட்டியின் துளைகளை மட்டும் கவனியுங்கள். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், மற்றவை 100 எம்பிபிஎஸ்தான். உங்கள் திட்டம் 100-க்கு மேல் என்றால் ஜிகாபிட் துளை இரண்டாம் கட்டுக்குப் போகட்டும், கணக்கு பார்ப்பதற்கு 100 தாராளம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அப்பச்சி கணினியைப் போட்டதும் பிராட்பேண்ட் இணைப்பு என்று ஒன்றை அழுத்தி, பயனர் பெயர் கடவுச்சொல் கொடுத்து இணைக்கிறாரா, இல்லை கணினி வந்ததும் நெட் தானாக வந்துவிடுகிறதா? அழுத்தி இணைக்கிறார் என்றால் முகப்பில் இருப்பது பைபரில் வரும் வெளிச்சத்தைக் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கும் வெறும் மாற்றிப் பெட்டிதான், கணக்குப்பிள்ளை வேலையை அவர் கணினியே பார்க்கிறது. அப்போது அந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரௌட்டருக்குள் கொடுத்து, ரௌட்டர் இணைக்கும்படி மாற்ற வேண்டும். அந்த நிலையில் மட்டும் நீங்கள் வாங்கிய ரௌட்டர் முகப்பிலேயே ரௌட்டராக வேலை பார்க்கட்டும். சில உள்ளூர் இணைப்புக்காரர்கள் முதலில் இணைத்த கணினியின் மேக் எண்ணோடு, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுத்த தனி எண்ணோடு, இணைப்பைக் கட்டிவைப்பதும் உண்டு, ரௌட்டர் போட்டதும் நெட் வராது. ரௌட்டரில் மேக் குளோன் என்ற இடத்தில் அந்தக் கணினியின் எண்ணைக் கொடுக்கலாம், இல்லை அவர்களிடமே சொல்லிப் புது எண்ணைப் பதியச் சொல்லலாம். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு முதல், ஒரு கணினி வழியாக இன்னொன்றுக்கு நெட் பகிரும் வசதியும் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்பச்சி கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் உங்கள் நெட்டும் தூங்கிவிடும்.

இப்போது கேபிள். இதில்தான் நம் ஊர் வீடுகளுக்கென்று தனியாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

நம் வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிறவை. உங்கள் வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு 140 அடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது சுமார் 43 மீட்டர். லேன் கேபிள் 100 மீட்டர் வரை முழு வேகத்தில் கொண்டுபோகும், 328 அடி, ஆகவே மூன்றாம் கட்டு அடுப்படி வரை போனாலும் கவலை இல்லை. வைஃபைக்கு இந்தத் தூரத்தைவிட இடையில் வரும் செங்கல் சுண்ணாம்புச் சுவர்கள்தான் பகை. ஒரு சுவர் தாண்டும்போதே 5 கிகாஹெர்ட்ஸ் அலை நன்றாகத் தளர்ந்துவிடும், இரண்டு மூன்று தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது. 2.4 கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கும். பட்டாலையில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் அதன் நேர் பின்னால் பெட்டியை வைக்காதீர்கள், கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அலையைத் திருப்பிவிடும். ரிப்பீட்டர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேய்ந்த அலையை வாங்கித் தேய்ந்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கும், விலை குறைந்தவை ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் பாதியாகும். உங்கள் வேலை மீட்டிங் வேலை, அதற்கு இது ஆகாது.

கேபிள் இழுக்கும் வழியை நீங்களே ஒரு நாள் நடந்து பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை வெட்டவே கூடாது, அந்தப் பூவும் நிறமும் திரும்பக் கிடைப்பது கஷ்டம். நிலைக்கதவிலும் துளை போட வேண்டாம். பழைய மின்சார ஒயர் போன துளைகள் சுவரின் மேல்பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும், அவற்றின் பக்கத்திலேயே வழி கிடைத்துவிடும். ஆனால் மின்சார ஒயர் போகிற அதே பைப்பில் லேன் கேபிளை விடாதீர்கள், ஆபத்து, கேபிளில் மின் இரைச்சலும் ஏறி சிக்னல் கெடும். ஒரு சாண் தள்ளித் தனி பிவிசி பைப்பில் கொண்டுபோங்கள், மின்சார ஒயரைக் குறுக்கே தாண்டித்தான் போக வேண்டும் என்றால் நேர்குறுக்காகத் தாண்டட்டும். வளவைச் சுற்றித் தாழ்வாரத்தின் உட்பக்கமாக, வெயிலும் மழையும் படாமல் கொண்டுபோனால் சாதாரண கேபிளே பல வருஷம் உழைக்கும். வளவின் திறந்த வெளியைக் குறுக்காகத் தாண்டி இழுக்க ஆசை வரும், 20 அடி மிச்சமாகும், ஆனால் வெயிலில் மேல்தோல் வெடித்துவிடும். அதைவிட இடி பெரிய பயம். ஐப்பசியில் ஒரு இரவு பக்கத்தில் எங்கோ விழுந்த இடிக்கு, மேல்மாடியில் வெட்டவெளியில் கேபிள் போன ஒரு வீட்டில் ஸ்விட்ச், ரௌட்டர், கணினியின் லேன் துளை மூன்றும் போனதை நான் பார்த்திருக்கிறேன். வெட்டவெளியைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் பைபர் போடுங்கள், இரு முனையிலும் ஒரு மாற்றிப் பெட்டி வரும், கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உலோகக் கம்பி சேர்க்காத பைபராகப் பார்த்து வாங்குங்கள்.

பங்காளிகளுக்கும் பங்குள்ள சுவர் என்றால் டிரில்லிங் மிஷினை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்று சொன்னால் கதவோரமாகக் கேசிங்கில் கொண்டுபோகலாம். அதுவும் முடியாது என்றால், ஒன்றோடு ஒன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் மெஷ் பெட்டி ஒன்றை வளவைப் பார்த்த வாசலில் வைத்து, எதிர் வாசலில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள், திறந்த வளவு வழியாக அலை சுவரில் முட்டாமல் போகும். கேபிளுக்கு ஈடாகாது, ஆனால் முகப்பிலிருந்து நேராகச் சுவரைத் துளைக்கப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

கடையில் கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள், கேட் 5இ கிடைத்தாலும் ஜிகாபிட்டுக்குப் போதும். முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தில் செம்புப் பூச்சு கொடுத்த மலிவுக் கேபிள் நிறைய விற்கிறது, கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும், முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஆர்ஜே45 கனெக்டரை இரு முனையிலும் ஒரே வரிசையில் அடிக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. எட்டும் பிடித்திருக்க வேண்டும். நான்கு மட்டும் பிடித்தாலும் நெட் வரும், ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், இது வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் கிடக்கும்.

ஒரே இணைப்பை இருவர் பகிர்ந்தால் வேகம் பாதியாகிவிடுமா என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். ஆகாது. இணைப்பு நிரந்தரமாகப் பாகம் பிரிவதில்லை, அந்த நேரத்தில் யார் கேட்கிறாரோ அவருக்குப் போகும். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், எட்டால் வகுத்தால் வருவது. இருவரும் ஒரே நேரத்தில் பெரிய கோப்பு இறக்கினால் ஏறக்குறைய ஆளுக்கு ஆறு ஆறாகப் போகும். அப்பச்சி பார்க்கிற வரி இணையதளமும் வங்கிக் கணக்கும் இதில் ஒரு மூலைகூட இல்லை, உங்கள் மீட்டிங்குக்கும் சில எம்பிபிஎஸ் போதும். இடிக்கிற இடம் மேலே ஏற்றுகிற பக்கம். அப்பச்சி கணினி கோப்புகளை முதுகுக்குப் பின்னால் மேகக் கிடங்கில் (கிளவுடில்) ஏற்றிக்கொண்டிருந்தால் உங்கள் குரல் எதிர்முனையில் துண்டு துண்டாகப் போகும். அந்த ஏற்றத்தை ராத்திரிக்கு மாற்றிவிடுங்கள்.

கரண்டை மறந்துவிடாதீர்கள். கரண்ட் போனாலும் பைபரில் வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், பெட்டி உயிரோடு இருந்தால் நெட் இருக்கும். ரௌட்டருக்கென்றே வரும் சிறிய யுபிஎஸ் ஒன்று முகப்பில், ஒன்று இரண்டாம் கட்டில். முகப்புக்கு மட்டும் வாங்கினால் பின்னால் இருக்கிற பெட்டி அணைந்துவிடும், உங்கள் லேப்டாப் பேட்டரியில் ஓடியும் பயனில்லை. அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட்டுக்குரியதையே வாங்குங்கள்.

இரண்டு பெட்டியிலும் வைஃபைக்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தால் போன் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை. 2.4-இல் ஒன்றுக்கு அலைவரிசை 1, மற்றதற்கு 11. பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்கு அட்மின் அட்மின் என்று இருக்கும் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3, கடவுச்சொல் இல்லாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்துவிடுங்கள். வீட்டில் கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று நூறு பேர் வந்து இறங்கும்போது எல்லாரும் வைஃபை கேட்பார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. முகப்புப் பெட்டியில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று திறக்க முடிந்தால் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அப்பச்சியின் கணக்குக் கோப்பு இருக்கிற வலைக்குள் வெளியாளின் போன் வர வேண்டியதில்லை. உங்கள் இரண்டாவது பெட்டியில் அதைத் திறக்காதீர்கள், ரௌட்டர் வேலையைப் பறித்த பெட்டியில் பல சமயம் அந்தப் பிரிவினை வேலை செய்யாது.

கேபிள் வாங்கும் முன் நூல் விட்டு வழியை அளந்து, மேலும் கீழும் ஏறி இறங்குவதையும் சேர்த்து, அதற்கு மேல் ஐந்து மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 305 மீட்டர் பெட்டியாக வாங்கத் தேவையில்லை, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பைப்பில் கேபிள் விடும்போதே கூட ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள், நாளைக்கு இன்னொன்று இழுக்க உதவும். எல்லாம் முடிந்ததும் உங்கள் கணினியிலிருந்து 192.168.1.1-க்கு பிங், அதாவது பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளை, போட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்குள் எல்லாப் பதிலும் வந்துவிட வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு தொலைந்தால் முனையை வெட்டிவிட்டுக் கனெக்டரை மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். பிங் சரியாக வந்து, அப்பச்சியின் பிரிண்டரில் ஒரு தாளும் வந்துவிட்டால் பைப்பின் மேல் மூடியைப் போடச் சொல்லிவிடலாம்.